கட்டணமில்லாச் சிகிச்சைக்கு வெளியே: கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குழந்தை திடீரென நோயுறும்போது

தமிழ்நாட்டின் பொது மருத்துவக் கட்டமைப்பு பிற மாநிலங்களுக்கு முன்மாதிரியாகச் சுட்டப்படுவது பொருளற்ற பெருமையன்று. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் ஓராண்டு நிறையுமுன் இறப்போர் இந்திய அளவில் 28 பேர். தமிழ்நாட்டில் 13 பேர். 2008 முதல் 108 ஊர்தி ஓடுகிறது. தாலுகா மருத்துவமனை முதல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வரை சிகிச்சைக்குக் கட்டணமில்லை. இவை யாவும் எளிய மக்கள் கேட்டும் போராடியும் வாக்களித்தும் பெற்றவை. இவற்றைக் காக்க வேண்டிய முதற்பொறுப்பும் நமக்கே உண்டு. ஏனெனில் அரசு மருத்துவமனை பழுதுபட்டால் செல்வதற்கு வேறிடம் இல்லாதவர்கள் நம் மக்கள்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. நிலமற்ற தலித் குடும்பமொன்றின் குழந்தைக்குத் திடீரென உயிராபத்து நேர்கிறது. பாம்பு தீண்டுகிறது, காய்ச்சல் மூளைக்கு ஏறுகிறது, பூச்சிமருந்தை எடுத்துக் குடித்துவிடுகிறது, கொதிக்கும் உலை கவிழ்கிறது. குழந்தையை அரசு மருத்துவமனை காப்பாற்றிவிடுகிறது. சிகிச்சைக்கு ஒரு ரூபாயும் வாங்கவில்லை. அவ்வாறிருந்தும் அக்குடும்பம் ஏன் கடனாளியாக ஊர் திரும்புகிறது? அக்கடனை அடைக்க ஏன் மற்றொரு குழந்தையின் படிப்பு நிறுத்தப்படுகிறது? தேனி மாவட்டத்தையும் கம்பம் பள்ளத்தாக்கையும் முன்வைத்து இக்கேள்வியை ஆராய்வோம்.

மலையேறும் கூலியும் அடிவாரத்துக் குழந்தையும்

1996இல் மதுரையிலிருந்து பிரிக்கப்பட்ட தேனி மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். பெரியாறு அணை நீரால் இப்பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளைகிறது. திராட்சையும் வாழையும் தென்னையும் செழிக்கின்றன. இந்நிலத்தின் உடைமையில் தலித் மக்களின் பங்கு மிகச் சொற்பம். உழைப்பில் அவர்களின் பங்கோ மிகப் பெரிது. அடிவாரத்தில் வேலை கிடைக்காத நாட்களில் கம்பம், கூடலூர், போடி, தேவாரம் பகுதிகளிலிருந்து பொழுது விடியுமுன் ஜீப்புகளில் ஏறி, கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியே இடுக்கி மாவட்டத்தின் ஏலத் தோட்டங்களுக்குச் செல்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். பொழுது சாயும் வேளையில் திரும்புகிறார்கள். அதுவரை குழந்தைகள் பாட்டியிடமோ, பத்து வயது அக்காவிடமோ இருக்கிறார்கள்.

முற்பகல் பதினோரு மணிக்கு அக்குழந்தைகளுள் ஒன்றுக்கு ஏதேனும் நேர்ந்தால் நிலைமை என்ன? தாயும் தந்தையும் இன்னொரு மாநிலத்தில், மலைமேல், கைபேசிச் சமிக்ஞை வந்தும் வராமலும் இருக்கும் சரிவுகளில் காய் எடுத்துக்கொண்டிருப்பார்கள். செய்தி மேற்பார்வையாளர் வழியாகத்தான் செல்ல வேண்டும். செய்தி கிடைத்த பிறகும், அழைத்துவந்த ஜீப் மாலையில்தான் இறங்கும். தனியாக இறங்க வேண்டுமெனில் வேறு வண்டிக்குக் காசு வேண்டும். அரை நாள் கூலியும் போகும். மலைத்தோட்டத் தொழிலாளர்களின் தொடர்பற்ற நிலை எத்தகைய விலை கேட்கும் என்பதை 2020 ஆகஸ்ட் 6 இரவு இடுக்கியின் பெட்டிமுடி காட்டியது. 70 தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினரை மண்சரிவு விழுங்கிய அவ்விரவின் செய்தி, மறுநாள் பொழுது விடிந்த பிறகே வெளியுலகை எட்டியது.

அடிவாரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் பாட்டி. கம்பத்தில் அரசு மருத்துவமனை உண்டு. அங்கே முதலுதவி கிடைக்கும். நிலைமை கடுமையானது என்றால் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். அது தேனி நகரையும் தாண்டி, ஆண்டிபட்டி செல்லும் சாலையில் இருக்கிறது. கம்பத்திலிருந்து தேனிக்கே சுமார் 40 கிலோமீட்டர். அங்கும் இயலாதெனில் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை. கம்பத்திலிருந்து கணக்கிட்டால் நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் நோயாளி ஊர்தியில் செல்கிறார். அவருடன் ஒருவர் செல்லலாம். மலையிலிருந்து இறங்கிவரும் பெற்றோர் குழந்தை எந்த மருத்துவமனையில் இருக்கிறது என்றே அறியாமல் பேருந்து மாறி மாறி வர வேண்டும்.

பெற்றோர் வந்துசேருமுன், மருத்துவமனையில் பாட்டியிடம் கேட்கப்படும் முதற்கேள்வி, 'அப்பா அம்மா எங்கே?' என்பது. சம்மதக் கையொப்பத்திற்காகக் கேட்கப்படும் நியாயமான கேள்விதான் அது. ஆனால் அதற்குப் பின்னே, 'பிள்ளையை விட்டுவிட்டு எங்கே போனார்கள்?' என்ற தீர்ப்பும் பல நேரங்களில் ஒட்டிக்கொள்கிறது. குழந்தையைக் கவனிக்காத பெற்றோர் என்னும் பழி, அக்குழந்தைக்குச் சோறு போடுவதற்காக மலையேறியவர்கள்மேல் விழுகிறது.

அல்லேரி சொல்லும் செய்தி

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தின் அல்லேரி மலையில், வீட்டுக்கு வெளியே உறங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுப் பழங்குடிக் குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலையில்லாத மலையிலிருந்து அடிவார மருத்துவமனையை எட்டுமுன்பே குழந்தை இறந்தது. உடற்கூறாய்வு முடிந்து திரும்புகையில், சாலை இல்லை என்று ஊர்தி பாதி வழியிலேயே நின்றுவிட, பெற்ற தாய் தன் குழந்தையின் உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். அப்படம் நாடெங்கும் பரவியது.

இந்நிகழ்வில் நாம் மறக்கக்கூடாத ஒன்றுண்டு. இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி முறிமருந்துக்கான நஞ்சின் பெரும்பகுதியைப் பல பத்தாண்டுகளாக அளித்துவருவது, 1978இல் தோன்றிய, செங்கல்பட்டு மாவட்டம் வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். அதன் உறுப்பினர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்கும் 2023ஆம் ஆண்டுதான் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. நாட்டுக்கு முறிமருந்து கிடைக்கப் பழங்குடியினரின் கைகள் நஞ்சு எடுக்கின்றன. அம்மருந்து அதே தமிழ்நாட்டின் பழங்குடிக் குழந்தையொன்றை எட்டவில்லை. மருந்து இருந்தது, சாலை இல்லை. 2000 முதல் 2019 வரையிலான இருபதாண்டுகளில் இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் சுமார் 12 இலட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமப்புற மக்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியது வரவேற்கத்தக்கது. கடித்த இடத்திலிருந்து மருந்துவரை உள்ள தூரத்தையும் பதிவு செய்தால்தான் அக்கணக்கு முழுமை பெறும்.

தேனிக்கும் அல்லேரிக்கும் தொலைவு அதிகம், நிலைமையில் தொலைவில்லை. பெரியகுளத்தை அடுத்த அகமலைப் பகுதியின் சின்னூர், பெரியூர் போன்ற மலைக் கிராமங்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிவரும் செய்திகள் ஆண்டுதோறும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் பளியர் குடியிருப்புகளுக்கும் இது பொருந்தும்.

தொடாத மருத்துவமும் தொடரும் விசாரணையும்

தூரம் மட்டுமே தடையாக இருந்திருந்தால், சாலை போட்டதும் சிக்கல் தீர்ந்திருக்கும். பாபாசாகேப் அம்பேத்கர் தமது தன்வரலாற்றுக் குறிப்புகளில் ஒரு நிகழ்வை எடுத்துக்காட்டுகிறார். 1929 டிசம்பரில் 'யங் இந்தியா' இதழில் வெளியான கடிதமது. கத்தியவாரில் தீண்டப்படாத வகுப்பைச் சேர்ந்த ஓர் ஆசிரியரின் மனைவி, பிள்ளை பெற்ற இரண்டாம் நாள் நோயுற்றார். சேரிக்குள் வர மறுத்த மருத்துவர், ஊர்ப் பெரியவர்களின் பரிந்துரைக்குப் பின், சேரிக்கு வெளியே அப்பெண்ணைக் கொண்டுவந்தால் பார்ப்பதாக ஒப்புக்கொண்டார். வெப்பமானியைத் தாம் நேரே தரவில்லை. ஓர் இசுலாமியரிடம் கொடுத்து, அவர் கணவரிடம் கொடுத்து, கணவர் மனைவியிடம் கொடுத்தார். திரும்பி வந்ததும் அதே வழியில். நுரையீரல் அழற்சி என்று சொல்லிச் சென்றவர், பிறகு வரவில்லை. அத்தாய் இறந்தார். அம்பேத்கரே தம் ஐந்து குழந்தைகளில் நால்வரை இளவயதிலேயே பறிகொடுத்தவர். கடைசிக் குழந்தை இராசரத்தினம் இறந்தது 1926இல். பிள்ளையை இழக்கும் வீட்டின் துயரம் அவருக்கு ஏட்டுச் செய்தியாக இருக்கவில்லை.

இன்று வெப்பமானி கைமாறுவதில்லை. சட்டம் மாறியிருக்கிறது. மருத்துவமனைக்குள் அனுமதிக்க மறுப்பது 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்யப்பட்ட திருத்தம், மருத்துவமனை, மருந்தகம், ஆரம்பச் சுகாதார நிலையம் ஆகியவற்றுள் நுழைவதைத் தடுப்பதை வன்கொடுமை என்றே வகைப்படுத்துகிறது. ஆனால் வாசலில் தடுப்பதற்குப் பதில் விசாரணையின் தொனியில் சாதி இப்போது வேலை செய்கிறது. ஊர்திக்கு அழைக்கும்போதும் பதிவுச் சீட்டு எழுதும்போதும் கேட்கப்படும் முகவரியில் 'காலனி' என்ற ஒரு சொல் போதும். எதிரிலிருப்பவருக்கு எல்லாம் தெரிந்துவிடும். அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்ததற்கு இவ்வாறான அன்றாட அனுபவங்களே பின்புலம். 'இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள்?', 'குடித்துவிட்டு வராதே', 'சொன்னால் புரியாதா?' என்ற ஒருமை விளிகளுக்கு எதிராக எந்தப் பிரிவிலும் வழக்குப் பதிய முடியாது. ஆனால் அவற்றைக் கேட்ட தாய், மருந்தின் பெயரை இரண்டாம் முறை கேட்கத் துணிய மாட்டார். அந்தத் தயக்கம் சில நேரங்களில் உயிரையே விலையாகக் கேட்கும்.

அதே மருத்துவமனையில் பிரசவ அறையின் குருதியைக் கழுவுபவர்கள், படுக்கை விரிப்புகளை அகற்றுபவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தக் கூலி பெறும் தலித் பெண்கள். எந்த வார்டு எங்கே, எந்த மருத்துவர் எப்போது வருவார் என்று புதிதாக வந்த குடும்பத்திற்குச் சொல்லித்தருபவர்களும் பல நேரங்களில் அவர்களே.

துணையிருப்பவரின் கணக்கு

இனிச் செலவுக்கு வருவோம். ஒரு குழந்தை பத்து நாட்கள் மருத்துவமனையில் இருப்பதாகக் கொள்வோம். கணவன், மனைவி இருவரும் நாளுக்குத் தலா 400 ரூபாய் கூலிக்குச் செல்பவர்கள் எனின், பத்து நாட்களில் இழக்கும் கூலி 8,000 ரூபாய். ஒருவர் மட்டும் தங்கினாலும் 4,000 ரூபாய். மூன்று வேளை உணவு, மாற்றுத்துணி, பேருந்துக் கட்டணம், வீட்டிலுள்ள மற்றக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த உறவினரின் செலவு, எப்போதேனும் வெளியில் எடுத்துவரச் சொல்லப்படும் பரிசோதனை, வரும்போதும் போகும்போதும் வெளியே நீளும் சில கைகளுக்கு வைக்கும் பணம். இவையெல்லாம் சேரும்போது தொகை பெருகுகிறது. கூலி நின்றுபோன நாட்களில்தான் இச்செலவும் வருகிறது. இதுவே இதன் கொடுமை.

தேசியச் சுகாதாரக் கணக்குகளின்படி, 2021-22இல் இந்தியாவின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காட்டை மக்கள் தம் கைப்பணத்திலிருந்தே செலுத்தினர். இழந்த கூலி இக்கணக்கில் வராது. கூலியை இழக்காமல் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள் வகுத்த கணக்கு அது. மத்திய அரசில் பணிபுரியும் ஒரு பெண், தம் பிள்ளையின் நோய்க்காகவும் படிப்புக்காகவும் பணிக்காலம் முழுவதற்கும் 730 நாட்கள் வரை குழந்தைப் பராமரிப்பு விடுப்புப் பெறலாம். அது நல்ல விதி. எல்லாத் தாய்மாருக்கும் உரியது. ஏலக்காய் எடுக்கும் தாய்க்கு அதில் ஒரு நாளும் இல்லை. நான்கு நாட்கள் வராவிட்டால் ஜீப்பில் அவருடைய இடத்தில் வேறொருவர் அமர்ந்திருப்பார்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே எனலாம். 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை தரும் அத்திட்டம் பல குழந்தைகளின் இதயத்தைத் துடிக்கவைத்திருக்கிறது. எனினும் அதன் பயன் மருத்துவமனைக் கட்டணத்தோடு நின்றுவிடுகிறது. குடும்ப அட்டையும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் அதற்கு வேண்டும். மேலே சொன்ன கணவனும் மனைவியும் மாதம் 20 நாட்கள் வேலைக்குச் சென்றால் ஆண்டு வருமானம் 1,92,000 ரூபாய். உண்மையைச் சொன்னால் வரம்பைத் தாண்டுகிறார்கள். ஆகவே நிலமற்ற கூலிக்காரர் கிராம நிர்வாக அலுவலரின் தயவில் நிற்க வேண்டியிருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தோட்டத்திலேயே தங்கி வாழும் குடும்பங்களுக்கு இன்னொரு சிக்கல்: அட்டை எந்த மாநிலத்தில் இருக்கிறது, மருத்துவமனை எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பது.

இந்த இடைவெளியை நிரப்புவது கடன். வாரத் தவணைக் குழுக் கடன், தண்டல், நகை அடகு, இறுதியில் தோட்டத்தரகரிடமோ செங்கல் சூளைக்காரரிடமோ வாங்கும் முன்பணம். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், முன்பணத்திற்கு ஈடாக உழைப்பைக் கட்டிவைப்பதைத்தான் கொத்தடிமை என்று வரையறுக்கிறது. குழந்தையின் உயிருக்காக வாங்கிய பணம், குடும்பத்தின் சுதந்திரத்தை ஈடாகக் கொள்கிறது. மருத்துவ அவசரத்தைப் பற்றிப் பேசாமல் கொத்தடிமை முறையைப் பற்றிப் பேச இயலாது.

சட்டம் ஏற்கெனவே அறிந்திருக்கும் உண்மை

துணையிருப்பவரின் சோறும் துணியும் கூலியும் சிகிச்சையின் பகுதியே என்பதை இந்தியச் சட்டம் அறியாமல் இல்லை. 1995ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்பு விதிகளில் 11ஆம் விதியைப் படித்துப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் அவரைச் சார்ந்தோருக்கும் பயணப்படி, நாட்படி, பராமரிப்புச் செலவு ஆகியவற்றோடு, மருந்து, சிறப்பு மருத்துவ ஆலோசனை, குருதியேற்றம், மாற்றுடை, உணவு, பழங்கள் ஆகியவற்றுக்கான செலவையும் திருப்பித்தர வேண்டும் என்கிறது அவ்விதி. பழங்கள் வரை எண்ணி எழுதியிருக்கிறார்கள். காயம்பட்ட ஒரு தலித்தின் குடும்பம் மருத்துவமனை வராந்தாவில் எப்படி வாழும் என்பதை அறிந்தவர்கள் எழுதிய விதி அது.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன்பயின்ற மாணவர்களே வீடு புகுந்து பள்ளி மாணவர் ஒருவரையும் அவருடைய தங்கையையும் வெட்டியபோது, திருநெல்வேலி அரசு மருத்துவமனையில் அவ்விரு பிள்ளைகளின் சிகிச்சைப் பொறுப்பை அரசு ஏற்றது. அமைச்சர்களும் அதிகாரிகளும் சென்றனர். நீதியரசர் சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைந்தது. 2025 மார்ச்சில் தூத்துக்குடி மாவட்டத்தில் பேருந்திலிருந்து இழுத்து வெட்டப்பட்ட பதினொன்றாம் வகுப்பு மாணவரின் துண்டான விரல்களை அரசு மருத்துவர்கள் மீண்டும் பொருத்தினர். இக்குடும்பங்களுக்குக் கிடைத்த ஆதரவு அவர்களின் உரிமை. இயக்கங்கள் தெருவில் நின்றதால் அவ்வுரிமை நடைமுறைக்கு வந்தது.

அரிவாள் வெட்டிய குழந்தையின் வீட்டுக்கு இவ்வாறு செல்லும் அரசும் இயக்கங்களும், பாம்பு கடித்த குழந்தையின் வீட்டுக்கு, பூச்சிமருந்து குடித்த குழந்தையின் வீட்டுக்குச் செல்வதில்லை. அங்கே குற்றவாளி என்று கைகாட்ட ஒருவர் இல்லை. ஆனால் அக்குழந்தை வெளியே மண்தரையில் உறங்கியதற்கும், பூச்சிமருந்துப் பாட்டில் ஓரறை வீட்டின் மூலையில் இருந்ததற்கும், தாய் மலைமேல் இருந்ததற்கும் காரணமான நிலமின்மைக்கு சாதியே வேர். ஒன்றைக் கொடுமை என்றும் மற்றொன்றை விதி என்றும் நாம் பிரித்துப் பார்ப்பது சரியன்று.

வேறு முன்னுதாரணங்களும் உண்டு. 2011இல் தொடங்கிய தாய்சேய் பாதுகாப்புத் திட்டம், நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு மருந்து, பரிசோதனை, குருதி ஆகியவற்றோடு வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும், மருத்துவமனையிலிருந்து மேல்சிகிச்சைக்கும், மீண்டும் வீட்டுக்கும் கட்டணமில்லாப் போக்குவரத்தை உறுதி செய்கிறது. பின்னர் அது ஒரு வயது வரையிலான குழந்தைகளுக்கு விரிந்தது. அல்லேரிக் குழந்தைக்கு வயது ஒன்றரை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டமோ, பேறுகாலத்தில் ஏழைத் தாய் இழக்கும் வருவாயை ஈடுசெய்யும் நோக்கத்தையும் கொண்டது. பிள்ளை பெறும்போது கூலி இழப்பை ஏற்றுக்கொண்ட அரசு, அப்பிள்ளை உயிருக்குப் போராடும்போது மட்டும் அதை ஏன் ஏற்கக்கூடாது?

நிதியில்லை என்ற விடையை உச்ச நீதிமன்றம் முன்பே மறுத்துவிட்டது. 1992இல் மேற்கு வங்கத்தில் இரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் சேக் என்ற தொழிலாளியை, இடமில்லை, வசதியில்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவர் சார்ந்த வேளாண் தொழிலாளர் அமைப்பு வழக்காடியது. அவசரச் சிகிச்சையை மறுப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் கூறு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்றும், நிதிப் பற்றாக்குறையைக் காட்டி அரசு தப்பிக்க முடியாது என்றும் 1996இல் தீர்ப்பு வந்தது. கூலித் தொழிலாளர்களின் சங்கம் ஒன்று நாடு முழுமைக்கும் பெற்றுத்தந்த தீர்ப்பு அது என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

தோழமை என்பது வேலைப்பங்கீடு

கொள்கை மாறும்வரை குழந்தைகளின் நோய் காத்திருக்காது. இயக்கத் தோழர்களும் கல்லூரி மாணவர்களும் உடனடியாகச் செய்யக்கூடியவை பல.

முதலாவது, அறிவு. பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறக் கூடாது, இறுகக் கட்டக் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்து, முறிமருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பூச்சிமருந்து குடித்த குழந்தையை வாந்தியெடுக்க வைக்கக் கூடாது. பாட்டிலையோ அதன் மேல் ஒட்டிய தாளையோ கையோடு கொண்டுசெல்ல வேண்டும். இவற்றைச் சேரித் தெருக்களில் ஒரு மாலைநேரக் கூட்டத்தில் சொல்லிவிடலாம். நஞ்சு, தீக்காயம் போன்றவற்றில் மருத்துவமனை காவல் நிலையத்துக்குத் தகவல் தருவது வழக்கமான நடைமுறை என்பதையும் சொல்ல வேண்டும். போலீஸ் வரும் என்ற அச்சத்தால் குழந்தையை மறைத்து நாட்டு வைத்தியம் பார்க்கும் வீடுகள் உண்டு.

இரண்டாவது, இருவராகச் செல்வது. ஒருவர் குழந்தையின் அருகிலும், மற்றொருவர் சீட்டு, பரிசோதனை, காப்பீட்டு மேசை ஆகியவற்றிலும் நிற்க வேண்டும். மருத்துவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு, தாய்க்கு அவர் மொழியில் திருப்பிச் சொல்ல வேண்டும். மருத்துவரோடும் செவிலியரோடும் சண்டையிடுவதற்காக அங்கே நாம் செல்வதில்லை. குடும்பத்தைப் பன்மையில் விளிக்கும் சூழலை நம் இருப்பே உருவாக்கும். தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளர் உரிமைச் சாசனம் 17 உரிமைகளைப் பட்டியலிடுகிறது. தகவல் பெறும் உரிமை, ஆவணங்களைப் பெறும் உரிமை, கட்டணத் தகராற்றைக் காட்டி நோயாளியையோ உடலையோ பிடித்துவைக்காதிருக்கும் உரிமை அவற்றில் உண்டு. அதன் தமிழ்ப்படி ஒன்று கையில் இருக்கட்டும்.

மூன்றாவது, குருதி. தொழில்முறைக் குருதி விற்பனையை உச்ச நீதிமன்றம் 1996இலேயே ஒழிக்கச் சொன்னது. ஆனால் ஆள் கொண்டுவா என்ற வற்புறுத்தல் ஓயவில்லை. உறவினர் அனைவரும் தோட்டத்தில் இருக்கும் குடும்பம் எங்கே செல்லும்? தேனி, போடி, உத்தமபாளையம், பெரியகுளம் பகுதிக் கல்லூரி மாணவர்கள் குருதிவகைப் பட்டியலொன்றைத் தயாராக வைத்திருப்பது பெரும் தொண்டு.

நான்காவது, வீடு. மருத்துவமனையில் கூடும் கூட்டத்தில் பாதி வீட்டுக்குச் செல்லலாம். மற்றக் குழந்தைகள் சாப்பிட்டார்களா, பள்ளிக்குச் சென்றார்களா, ஆடு மேய்ந்ததா, இவ்வாரத் தவணைக்கு யார் பதில் சொல்வது என்பவற்றைப் பார்ப்பவரே அக்குடும்பத்தை உண்மையில் தாங்குகிறார். மலைமேலிருக்கும் பெற்றோருக்குச் செய்தி சேர்க்க, ஒவ்வொரு ஜீப் தடத்திலும் ஒருவரின் எண் தெரிந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது, மானம். நிதி திரட்டுவதற்காகக் குழாய்கள் பொருத்திய குழந்தையின் படத்தைப் பரப்ப வேண்டாம். பெற்றோர் மறுக்க இயலாத நிலையில் கேட்கப்படும் அனுமதி அனுமதியாகாது. படமின்றி, பெயரின்றி, நம்பகமான ஓர் ஆசிரியரோ அமைப்போ பொறுப்பேற்றுப் பணம் திரட்டலாம். வரவுசெலவைக் குடும்பத்திடம் எழுதிக் கொடுக்கலாம். உதவி பெற்றதால் அக்குடும்பம் எந்தக் கட்சிக்கும் மதத்துக்கும் கடன்பட்டதாகாது.

நாம் கேட்க வேண்டியவை

தனிமனித உதவி ஓரிரு குடும்பங்களைத் தாங்கும். பள்ளத்தாக்கு முழுவதையும் தாங்காது. ஆகவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். தாய்சேய் பாதுகாப்புத் திட்டத்தின் போக்குவரத்து உரிமையை 18 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் விரிக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட குழந்தையின் துணையாளர் கூலித் தொழிலாளி எனின், குறைந்தபட்சக் கூலிக்கு இணையான நாட்படியும் உணவும் வழங்க வேண்டும். 11ஆம் விதி அதற்கு ஆயத்தமான முன்வரைவு. காப்பீட்டு வருமான வரம்பைத் தனிநபர் கூலியோடு பொருத்தித் திருத்த வேண்டும். இடுக்கித் தோட்டங்களில் உழைக்கும் தமிழ்த் தொழிலாளர்களுக்காகத் தமிழ்நாடும் கேரளமும் அட்டை, காப்பீடு, ஊர்தி ஆகியவற்றில் உடன்பாடு காண வேண்டும். தோட்ட உரிமையாளர்கள் அவசரத்தில் தொழிலாளரை உடனே அடிவாரம் சேர்க்கும் பொறுப்பை ஏற்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான வன்கொடுமைத் தடுப்பு விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் கூட்டங்களில், மருத்துவமனைகளில் நிகழும் பாகுபாடும் ஒரு பொருளாக இடம்பெற வேண்டும்.

இவற்றுள் எதுவும் புதிய தத்துவத்தைக் கேட்கவில்லை. பேறுகாலத் தாய்க்கும், பச்சிளங்குழந்தைக்கும், வன்கொடுமைக்கு ஆளானவருக்கும், அரசு ஊழியருக்கும் வெவ்வேறு சட்டங்களில் ஏற்கெனவே எழுதப்பட்டிருப்பதை, தோட்டக் கூலியின் குழந்தைக்கும் எழுதுங்கள் என்பதே கோரிக்கை. வரும் கிராம சபைக் கூட்டங்களில் இவற்றைத் தீர்மானமாக முன்மொழிவதிலிருந்து நாம் தொடங்கலாம்.